ஆயிரம் பொய்யும் நூறு கார்டும்

பெத்த மக என்னை பிளாக் பண்ணிப்போட்டாங்கண்ணா. வெளியாளு பண்ணியிருந்தா நான் கண்டுக்கவே மாட்டேன். இந்தத் தொழிலுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம், என்னை பிளாக் பண்ணாத குடும்பம் இந்த ஈரோட்டுல கம்மி. கல்யாணம் முடிஞ்சு மூணாவது மாசம் மொதல் வேலையா புரோக்கர் நம்பரைத்தான் தூக்குவாங்க. அது சகஜம். ஆனா பெத்த மக பண்ணுவாளுங்களா? நீங்க உக்காருங்க. கம்ப்யூட்டர் என்னமோ அப்டேட்டுன்னு சுத்திக்கிட்டிருக்குது, இன்னும் கொஞ்ச நேரமாகும். பையனோட ஜாதகத்தையும் போட்டோவையும் இப்படி மேசை மேல வெச்சுருங்க. டீ சொல்லியிருக்கேன்.

பிளாக் பண்ணதைக் கூட விட்டுறலாமுங்க. அவளோட ஃபைலையும் என்ற பீரோவைத் திறந்து எடுத்துக்கிட்டுப் போயிட்டா. இனி என் கல்யாணத்துக்கு நீ பார்க்க வேண்டாம்மான்னுட்டா. ஊரு உலகத்துப் புள்ளைங்க ஃபைலெல்லாம் என்கிட்ட இருக்குது, நான் பெத்த புள்ள ஃபைலு என்கிட்ட இல்லாம போச்சுன்னா, கலாமணி திருமணத் தகவல் மையம்னு வாசல்ல போர்டு என்னத்துக்குங்க? நீங்க ஒரு புள்ளையைப் பெத்தவரு. கதையைச் சொல்றேன், யார் மேல தப்புன்னு நீங்களே சொல்லுங்க.

என்ற மக பேரு பிரகதி. இருபத்திநாலு வயசு. டிசைன் படிச்சுட்டு கோயமுத்தூர்ல ஒரு சின்னக் கம்பெனியில சேர்ந்தா. வாரத்துல ரெண்டு நாள் அங்க போவா, மிச்ச நாளு வீட்டு ஹால்லயே லேப்டாப்பை வெச்சுக்குவா. வேலை என்னன்னு கேட்டா உங்களுக்குச் சிரிப்பு வரும். கொரியாக்காரப் பசங்க போட்டோ போட்ட கார்டு இருக்குது. அதை ஒருத்தருக்கொருத்தர் மாத்திக்கற புள்ளைங்க ஏமாறாம இருக்கறதுக்கு ஒரு ஆப் பண்றாங்க. அந்த ஆப்ல எந்த ஸ்கிரீன் மொதல்ல வரணும், எதைக் கேக்கணும், எதை மறைக்கணும், எல்லாம் இவதான் வரையணும்.

கார்டுன்னா சீட்டுக்கட்டு சைஸ்ல ஒரு அட்டைங்க, அவ்வளவுதான். அங்க ஏழு பசங்க ஒண்ணா சேர்ந்து ஆடறாங்க, பாடறாங்க. அவங்க பாட்டு சி.டி. வாங்கினா டப்பாக்குள்ள ஒரு பையன் போட்டோ இருக்கும். எந்தப் பையன்னு பிரிச்சாத்தான் தெரியும். பிரகதிக்கு மின்சோன்னு ஒருத்தன் மேல உசுரு. தலைமுடி நீலக் கலர்ல இருக்கும். ஆனா இவ பிரிச்சா வேற ஒருத்தன் வந்து பல்லைக் காட்டுவான். எங்கியோ ஒரு ஊர்ல ஒரு புள்ளைக்கு அந்தப் பல்லுக்காரன்தான் வேணும், அது கையில மின்சோ இருப்பான். ரெண்டும் மாத்திக்கணும். எனக்கு இது விளங்க ஒரு நிமிஷம் ஆகலைங்க. இருபத்திரண்டு வருஷமா நான் பண்றது வேற என்னங்க?

ஏமாத்தும் நம்ம தொழில்ல நடக்கற அதே ஏமாத்துதான். அடுத்தவங்க கார்டோட போட்டோவை எடுத்துத் தன்னுதுன்னு போடறது. நீ மொதல்ல அனுப்பு, வந்ததும் நான் அனுப்பறேன்னு சொல்லி வாங்கிக்கிட்டு ஓடிப் போயிடறது. பிரகதியே காலேஜ் படிக்கறப்ப ஒருக்கா ஏமாந்தா. நல்ல கார்டா இவ அனுப்பிச்சா, பதிலுக்கு வந்த கவர்ல சோப்புப் பவுடர் பாக்கெட்டை வெட்டி வெச்சிருந்தாங்க. ரெண்டு நாள் சோறு இறங்கலை. ஒரு அட்டைக்குப் போய் அழுவாங்களா கண்ணுன்னு கேட்டேன். அட்டைக்கு அழலம்மா, நம்புனேன் பாரு, அதுக்குத்தான் அழறேன்னா.

அதனால இந்த வேலை கிடைச்சதும் அவளுக்கு அப்படியொரு வெறி. ஹால்ல உக்காந்து வரைவா, நான் பின்னாடி நின்னு பார்ப்பேன். கார்டு பக்கத்துல ஒரு துண்டுச் சீட்டுல கையெழுத்துல இன்னிக்குத் தேதியும் பேரும் எழுதி வெச்சுத்தான் போட்டோ எடுக்கணுமாம். எனக்கு நெம்பப் பிடிச்சுப்போச்சுங்க. நம்மகிட்ட வர்ற மாப்பிள்ளைங்க பத்து வருஷத்துக்கு முந்தின போட்டோவைக் கொண்டாந்து குடுத்துட்டுப் போறாங்க. ஒருக்கா பெருந்துறையில பொண்ணு பார்க்கப் போன எடத்துல, ஒருத்தரு வந்து உக்காந்தாரு, பையனோட அப்பான்னு நெனச்சு அவருகிட்டயே பையன் வரலீங்களான்னு கேட்டுப்போட்டேன். மாப்பிள்ளையே அவருதான். உங்களைச் சொல்லலீங்க, பொதுவாச் சொல்றேன்.

அந்த ஆப்ல என்ற பங்கும் இருக்குதுங்க, அதை யாரும் இல்லைன்னு சொல்ல முடியாது. ரெண்டு யோசனை நான் குடுத்தது. மொதல்ல அவ என்ன வரைஞ்சு வெச்சிருந்தான்னா, கார்டு பிடிச்சிருந்தா உடனே போன் நம்பர் காட்டும். நான் கத்திப்போட்டேன். பதினாலு வயசு, பதினஞ்சு வயசுப் பொட்டப் புள்ளைங்க இருக்கற எடத்துல நம்பரை எடுத்து வெளிய வைப்பியான்னு கேட்டேன். என்ற ஆபீஸ்ல இருந்து ஒரு பொண்ணு நம்பரு, அவங்க வீட்டுல சரின்னு சொல்லாம இன்னைக்கு வரைக்கும் வெளிய போனதில்லைங்க. பெண் கேக்கற சாக்குல நம்பர் வாங்கிட்டு ராத்திரியில போன் போட்டு வழியற ஆளுங்களை நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். பிரகதி உடனே அந்த ஸ்கிரீனையே அழிச்சுட்டா. இப்ப ரெண்டு பக்கமும் சரின்னு சொன்னாத்தான் விலாசம் போகும், அதுவும் அந்தப் புள்ளைங்களுக்குப் போகாது, கூரியர்காரங்க பார்சல் மேல ஒட்டற சீட்டுல மட்டும் அச்சாகும்.

இன்னொண்ணு, யாரு மொதல்ல அனுப்பறதுங்கற தகராறு. இதுல அவ ஒரு மாசம் மண்டையைப் பிச்சுக்கிட்டா. நான் சப்பாத்திக்கு மாவு பிசைஞ்சுக்கிட்டே, நிச்சயத்துல யாருடி மொதல்ல தட்டு குடுக்கறாங்கன்னு கேட்டேன். யாரும் மொதல்ல இல்லைங்களே. ரெண்டு சம்பந்தியும் எதுத்தாப்புல நின்னு, நாலு கையும் தட்டைப் பிடிச்சு, ஒரே நேரத்துல மாத்திக்கறாங்க. அவ அப்படியே என்ற மாவுக் கையைப் பிடிச்சுக்கிட்டா. இப்ப ரெண்டு பேரும் கூரியர்ல போட்டு ஸ்லிப்பைப் போட்டோ எடுத்து ஏத்தினாத்தான் ரெண்டு பார்சலும் கிளம்பும். ஒருத்தர் ஏத்தலைன்னா ரெண்டும் நிக்கும். கம்பெனிக்குள்ள அந்த ஸ்கிரீனுக்குப் பேரே தட்டுதான். மலையாளத்துக்காரப் பையன் ஒருத்தன் மேனேஜர், விபின்னு, அவனும் தட்டு தட்டுன்னுதான் சொல்லுவான்.

அப்புறம் அவளா ஒரு ஸ்கிரீன் பண்ணினா. அங்கதான் எங்களுக்குள்ள முட்டிக்கிச்சு. குறை முதல்லன்னு அதுக்குப் பேரு. கார்டை ஏத்தணும்னா அழகான போட்டோவை மொதல்ல போட முடியாது. அந்தக் கார்டுல இருக்கறதுலயே மோசமான மூலை எதுவோ அதைப் பக்கத்துல போய் எடுத்து ஏத்தணும். கீறல் இருந்தா வெளிச்சத்துல சாய்ச்சுக் காட்டணும். அதுக்கு அப்புறந்தான் முன்பக்கப் போட்டோவைக் கேக்கும். பார்க்கறவங்களுக்கும் அந்த மூலைதான் மொதல்ல தெரியும். இதைவிடக் கிறுக்குத்தனம் உண்டுங்களா? கடையைத் திறந்து வெச்சுட்டு அழுகுன தக்காளியை முன்னால அடுக்குவாங்களா?

நான் எடுத்துச் சொன்னேன். கண்ணு, இருபத்திரண்டு வருஷத்துல நான் ஒரு குறையையும் மொதல் நாளு சொன்னதில்லை. ஜாதகம் பொருந்தணும், ரெண்டு வீடும் பேசிப் பழகணும், மனசு ஒட்டணும், அதுக்கப்புறம் நல்ல நேரம் பார்த்து, பேச்சோட பேச்சா, காதுல போட்டு வைக்கணும். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்கன்னேன். அவ லேப்டாப்புல இருந்து தலையை எடுக்காம, அது ஆயிரம் பேர்கிட்ட போய்ச் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுங்கறது, யாரோ மாத்திச் சொல்லிட்டாங்கன்னு இன்டர்நெட்ல போட்டிருக்குதும்மான்னா. இன்டர்நெட்டு எத்தனை கல்யாணம் பண்ணி வெச்சிருக்குது, நான் நானூத்திப் பத்து.

சரி, எப்படியோ ஸ்கிரீனெல்லாம் முடிஞ்சுது. கம்பெனியில ஒரு சோதனை வெச்சாங்க. ஒரு மாசத்துல நூறு மாத்தல் நடக்கணும், நூறுலயும் ஒரு பொய்யும் இருக்கக் கூடாது. அப்படி நடந்தா ஆப் வெளிய வரும், பிரகதிக்கு வேலை நிரந்தரம். இல்லாட்டி மூட்டை கட்ட வேண்டியதுதான். தெரிஞ்சவங்க, கூடப் படிச்சவங்கன்னு ஆள் பிடிச்சா. ஆளு பத்தலை. ஏன் கண்ணு, நான் இல்லையான்னேன். அவகிட்ட ரெண்டு ரெண்டா இருந்த கார்டுல ஆறு எடுத்துக் குடுத்து, என்ற போன்ல ஆப்பைப் போட்டு, மத்தவங்க மாதிரியே நீயும் மாத்திப் பாரும்மான்னா. எனக்கு அன்னிக்கு இருந்த சந்தோஷம் சொல்லி மாளாது. பத்து வருஷத்துக்கு அப்புறம் என்ற மக என்னை விளையாட்டுக்குச் சேர்த்துக்கிட்டா.

நான் ஒரு வேலையை எடுத்தா ஒழுங்காச் செய்யறவ. ஆறு கார்டுக்கும் ஆபீஸ் பாரத்துல பயோடேட்டா எழுதினேன். பெயர் மின்சோ, நிறம் நல்ல சிவப்பு, குடும்பப் பாங்கான முகம், கெட்ட பழக்கம் ஏதுமில்லை. எழுதி முடிச்சு, கை பழக்கம் பாருங்க, ஸ்டேப்ளரை எடுத்து மொதல் கார்டைப் பாரத்தோட சேர்த்துப் பின் அடிச்சுப்போட்டேன். இடது மூலையில. இந்தத் தொழில்ல போட்டோன்னு ஒண்ணு கைக்கு வந்தா பின் அடிக்காம இருக்க எனக்கு வராதுங்க. அடிச்சப்புறந்தான் ஐயோ இது வேற போட்டோவாச்சேன்னு உறைச்சுது. பின்னைப் பிடுங்கினேன். ரெண்டு ஊசி ஓட்டை. மத்த அஞ்சையும் கிளிப்புல மாட்டினேன்.

அந்த ஓட்டை கண்ணுக்கே தெரியாதுங்க, எறும்பு கடிச்ச மாதிரி. அதைப் போய்ப் பெருசு பண்ணுவானேன்னு, முன்பக்கம் போட்டோ எடுக்கறப்ப நாசூக்கா மூலையில கட்டைவிரலை வெச்சுப் பிடிச்சேன். மோசமான மூலையைக் காட்டுன்னு ஆப் கேட்டுச்சு. நல்லா இருந்த வலது மூலையைக் காட்டினேன். அதுக்கு என்ன தெரியும், வாங்கிக்கிச்சு. விவரம் கேட்ட கட்டத்துல பாரத்துல இருந்ததையே எழுதினேன்.

அந்தக் கார்டைத் தூத்துக்குடியில ஒரு புள்ள கேட்டுச்சு. ஜெர்லின்னு பேரு, பன்னண்டாவது படிக்குது. பதிலுக்கு ஒரு கார்டு தந்துச்சு. ரெண்டு பேரும் ஸ்லிப்பு ஏத்தினோம், தட்டு மாத்தியாச்சு. இந்தப் புள்ளைங்ககிட்ட ஒரு வழக்கம் இருக்குதுங்க, கார்டை மட்டும் மொட்டையா அனுப்ப மாட்டாங்க. ஸ்டிக்கரு, சாக்லேட்டு, ரெண்டு வரி கடுதாசி, என்னமாச்சும் எச்சா வைப்பாங்க. சீர்தானுங்க. எனக்குச் சொல்லிக் குடுக்கணுமா? எள்ளுருண்டை டப்பா, ரெண்டு ரிப்பன், மஞ்சள் குங்குமம், கண்ணு நல்லாப் படி, பரீட்சைக்கு முந்தி தலைக்குக் குளிக்காதேன்னு ஒரு கடுதாசி. அந்தப் புள்ள அஞ்சு ஸ்டாரும் போட்டு, எனக்கு வந்த பார்சல்லயே இதுதான் பெஸ்ட்டு ஆன்ட்டின்னு எழுதிச்சு. பிரகதி அதைப் படிச்சுட்டு என்னைக் கட்டிக்கிட்டா. எம்பத்தேழாவது மாத்தலு அது.

பதினைஞ்சு நாள் போச்சு. நூறு தாண்டிருச்சு. நான் பாயசத்துக்கு ஜவ்வரிசி வாங்கி வெச்சுட்டேன். அன்னைக்கு சாயங்காலம் பிரகதி சமையல்கட்டு வாசல்ல வந்து லேப்டாப்போட நின்னா. அந்தத் தூத்துக்குடிப் புள்ள, என்ற கார்டை வேற யாருக்கோ மாத்தறதுக்கு ஏத்தியிருக்குது. குறை முதல்லன்னு ஆப் கேக்குதுங்களே, அந்தப் புள்ள இடது மூலையைப் பக்கத்துல எடுத்து ஏத்தி, ரெண்டு ஓட்டை இருக்குன்னு எழுதியிருக்குது. எப்படி ஆச்சுன்னு கேக்கற கட்டத்துல, எனக்கு வந்தப்பவே இப்படித்தான் இருந்துச்சு, கூரியர்ல ஆகியிருக்கும், அந்த ஆன்ட்டி நெம்ப நல்லவங்க, அவங்ககிட்ட ஒண்ணும் கேக்க வேண்டாம்னு எழுதியிருக்குது.

பிரகதி என்ற போட்டோவையும் பக்கத்துல வெச்சுக் காட்டினா. மத்த அஞ்சு கார்டும் மேசை மேல இருக்குது, இது மட்டும் ஏம்மா கையில இருக்குதுன்னு கேட்டா. நான் மறைக்கலீங்க. என்ற மககிட்ட நான் பொய் பேச மாட்டேன். ஆமா கண்ணு, அங்க பின் அடிச்சுப்போட்டேன், அதான் விரலை வெச்சேன், பார்த்தியா யாருக்கும் தெரியலைன்னேன். உன்ற ஆப்ல ஒரு ஓட்டை இருக்குதுன்னு நான் கண்டுபிடிச்சுக் குடுத்திருக்கேன், கம்பெனியில சொல்லுன்னும் சொன்னேன். நியாயமாப் பார்த்தா எனக்கு ஒரு பரிசு குடுக்கணுங்க.

அவ கம்பெனியில சொன்னா. விபினுக்கு போன் போட்டு, நூறுல ஒண்ணு பொய்யி, சொன்னது என் அம்மான்னு சொன்னா. நல்ல பையங்க அவன், அந்தப் புள்ளையே குறை சொல்லலை, அந்த ஒரு வரியை எடுத்துருன்னு அவன் சொன்னது எனக்கே கேட்டுச்சு. இவ மாட்டேன்னுட்டா. இதை எடுத்தா அப்புறம் எல்லாத்தையும் எடுக்கணும்னா. சோதனை மறுபடி ஒண்ணுல இருந்து. என்ற கணக்கை மூடிட்டா. நான் ஆப்பைத் திறந்தா, உங்கள் மீது புகார் உறுதியாகியுள்ளது, நீங்கள் இனி மாற்ற இயலாதுன்னு வருது. இனிமே நாலு மூலையையும் பக்கத்துல எடுத்து ஏத்தணும்னு ஸ்கிரீனையும் மாத்திட்டா.

ஒரு வாரம் பார்த்துட்டு எங்கூட்டுக்காரர் போன்ல அவர் பேருல ஒரு கணக்கு ஆரம்பிச்சேன். அஞ்சு கார்டு சும்மாதான கிடக்குது. அரை மணி நேரத்துல அதையும் தூக்கிட்டா. எப்படி கண்ணு கண்டுபிடிச்சேன்னு கேட்டேன். இந்தியாவுலயே கார்டுக்குக் கெட்ட பழக்கம் ஏதுமில்லைன்னு எழுதற ஆளு நீ ஒருத்திதாம்மான்னா. சொல்றப்ப அவளுக்கே சிரிப்பு வந்துருச்சு, ஆனா சிரிக்கக் கூடாதுன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா.

இதெல்லாங்கூட நான் தாங்கிக்கிட்டேன். அப்புறம் ஒரு நாளு அவ மேசையைத் துடைக்கறப்ப, அந்த நீலமுடி மின்சோ இருக்கற சட்டத்தைக் காணோம். அவகிட்ட இருந்ததுலயே உசுரான கார்டு அது, ரெண்டு வருஷம் தேடிப் புடிச்சது. எங்கடின்னு கேட்டேன். தூத்துக்குடிக்கு அனுப்பிட்டேம்மா, அந்தப் புள்ளைக்கு நாம ஓட்டைக் கார்டு குடுத்திருக்கோம்லன்னா. நாமன்னு சொன்னாங்க. நீன்னு சொல்லியிருந்தா நான் சண்டைக்குப் போயிருப்பேன்.  வேற ஒண்ணு வாங்கித் தர்றேன் கண்ணு, கொரியாவுல இருந்தே வரவைக்கறேன், அம்மா பண்ணது ஒரு ஊசி ஓட்டைதான், அதுக்கு இவ்வளவா, பெத்தவளை இப்படி ஒதுக்குவியான்னு கேட்டேன்.

அப்பத்தான் அவ அந்த வார்த்தையைச் சொன்னா. கத்தலை. கட்டில்ல உக்காந்து, என்ற மூஞ்சியைப் பார்த்துச் சொன்னா.

"என்னையும் நீ கட்டைவிரலை வெச்சு மறைச்சுத்தாம்மா எடுக்கற."

எனக்கு ஒண்ணும் புரியலைங்க. அவளைப் போட்டோ எடுக்கறப்ப நான் எங்க விரலை வெச்சேன்? ஜன்னல் பக்கத்துல நிக்க வெச்சு, வலது கன்னம் தெரியத் திரும்பச் சொல்லி, முடியை இடது பக்கம் முன்னால எடுத்துப் போட்டு, நல்ல வெளிச்சத்துல எடுப்பேன். எல்லாப் புள்ளைங்களையும் விட அவளைத்தான் பார்த்துப் பார்த்து எடுப்பேன். விஷயம் என்னன்னா, அவளுக்கு ஆறாவது படிக்கறப்ப இடது காதுக்குக் கீழ வெள்ளையா ஒரு திட்டு வந்துச்சு. இப்பக் கழுத்து வரைக்கும் இருக்குது. வெண்புள்ளி. தொட்டா ஒட்டறதில்லை, வலி இல்லை, ஒரு கெடுதியும் இல்லைன்னு மூணு டாக்டர் எழுதிக் குடுத்திருக்காங்க. அவ அதைப் பத்திக் கவலையே படறதில்லை, ஆபீஸுக்கு முடியைத் தூக்கிக் கொண்டை போட்டுக்கிட்டுத்தான் போவா. ஆனா போட்டோவுல அதை மொதல்லயே காட்டணுமுங்களா?

இதுக்கெல்லாம் முந்தியே ரெண்டு எடம் வந்துச்சு. போட்டோ பார்த்து, ஜாதகம் பார்த்து, சந்தோஷமா வந்தாங்க. ரெண்டாவது எடம் பவானிக்காரங்க. இவ டீ குடுக்கக் குனிஞ்சா, முடி நழுவிருச்சு. மாப்பிள்ளையோட அம்மா டம்ளரை அப்படியே கீழ வெச்சுட்டு, போட்டோவுல இதைக் காட்டலையே, ஏமாத்திட்டீங்களேன்னு கேட்டாங்க. என்கிட்ட கேக்கலை, அவ மூஞ்சியைப் பார்த்துக் கேட்டாங்க. அல்பமான ஆளுங்க, நல்லவேளை போச்சுன்னு நான் நெனச்சுக்கிட்டேன். அவங்க போனப்புறம் பிரகதி அந்த ஆறின டீயை எல்லாம் எடுத்து ஒண்ணொண்ணா ஊத்திட்டு டம்ளரைக் கழுவிக்கிட்டிருந்தா. நான் ஏதோ பேசிக்கிட்டே இருந்தேன்.

அதைத்தான் அன்னைக்குக் கட்டில்ல உக்காந்து சொன்னா. சோப்புப் பவுடர் கவரைப் பிரிச்சப்ப எனக்கு எப்படி இருந்துச்சோ, அந்தம்மா மூஞ்சி அப்படி இருந்துச்சும்மா, நான்தான் அந்தக் கவருன்னா. என் கழுத்துல இருக்கறது எனக்குக் குறையாவே தெரியலை, நீ முடியை எடுத்து முன்னால போடறப்பதான் தெரியுதுன்னா. சொல்லிட்டு இந்த ஆபீஸுக்கு வந்து, பீரோவைத் திறந்து, ஃபைலை எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

ரெண்டு மாசமாச்சுங்கண்ணா. ரெண்டாவது சோதனையில நூறும் சுத்தமா வந்துச்சு, வேலை நிரந்தரமாயிருச்சு, ஆப் வெளிய வந்து பதினோராயிரம் பேரு இருக்காங்களாம். எல்லாம் நல்லாத்தான் இருக்குது. என்கூடப் பேசறா, சிரிக்கறா, நான் செய்யறதைச் சாப்பிடறா. கல்யாணப் பேச்சை எடுத்தா மட்டும் எழுந்து போயிருவா. நான் அவளுக்குக் கெடுதல் பண்ணுவேனுங்களா? ஒவ்வொரு பொண்ணுக்கும் நான் ஒண்ணொண்ணை மறைச்சுத்தான் நானூத்திப் பத்து பண்ணியிருக்கேன். அதுல எத்தனை பேரு டம்ளரைக் கீழ வெச்சாங்கன்னு நான் எண்ணினதில்லை. எண்ணணும்னு தோணினதும் இல்லை. இப்பத்தான், இந்த நாற்காலியில உக்காந்து ஃபைலைப் புரட்டறப்ப, இதுல விரலை எங்க வெச்சேன், அதுல எங்க வெச்சேன்னு கண்ணு அங்கியே போகுது. தொழிலே கெட்டுப்போச்சுங்க.

மூணு வாரத்துக்கு முந்தி அவளே ஃபைலைத் திருப்பிக் கொண்டாந்தா. இந்த மேசை மேல வெச்சா. உள்ள புதுசா ஒரு போட்டோ. ஆபீஸ்ல கூட வேலை பார்க்கற புள்ள எடுத்ததாம். கொண்டை போட்டுக்கிட்டு, இடது பக்கம் முழுசாத் தெரியற மாதிரி, எதுக்கோ விழுந்து விழுந்து சிரிச்சுக்கிட்டிருக்கா. இதுதான் மொதல் பக்கம், இதைக் காட்டறதுன்னா நீயே பாரும்மா, இல்லாட்டி வேண்டாம்னா. உன்னை விட நல்லாப் பார்க்கற ஆளு எனக்கு யாருன்னும் சொன்னா. அதைச் சொல்லாம இருந்திருக்கலாம். எனக்கு அழுகை வந்துருச்சு.

மூணு வாரமா டிராயர்லயே வெச்சிருக்கேன். ஏழு பேரு வந்தாங்க, நல்ல நல்ல எடம். ஒருத்தருக்கும் எடுக்கலை. எடுக்கலாம்னு கையைக் கொண்டு போவேன், வேற பொண்ணு ஃபைலை எடுத்து நீட்டிருவேன். பயந்தானுங்க. வேற என்ன. அவங்க மூஞ்சி சுருங்கினா இந்தத் தடவை நான் இங்க உக்காந்து பார்க்கணுமே.

இந்தாங்கண்ணா. ஜாதகம் அப்புறம் பார்க்கலாம், மொதல்ல இதைப் பாருங்க. பிடிங்க, நல்லா வெளிச்சத்துல வெச்சுப் பாருங்க. காதுக்குக் கீழ இருந்து கழுத்து வரைக்கும். இதுதான் என்ற மக.

சிரிக்கறீங்க. அவ சிரிக்கறதைப் பார்த்தா யாருக்கும் சிரிப்பு வந்துரும்.

சரிங்க, நான் காட்டிப்போட்டேன். இப்ப நீங்க சொல்லுங்க. தப்பா எடுத்துக்காதீங்க, இருபத்திரண்டு வருஷமா போட்டோ பார்க்கற கண்ணு. நீங்க குடுத்த மூணு போட்டோலயும் பையன் ஏனுங்க உக்காந்தே இருக்காரு?